இன்ஜினையும் அடிச்சிடவா சார்?

வாட்டர் சர்வீஸுக்குக் காரை விட்டால், மேலெல்லாம் நுரை போட்டுக் கழுவி முடிக்கிற நேரத்தில் ஒரு கேள்வி வரும்: "இன்ஜினையும் அடிச்சிடவா சார்?" கேட்கிறவருக்கு அது இரண்டு நிமிட வேலை. வண்டிக்காரருக்கு மறுக்கக் காரணம் எதுவும் தோன்றுவதில்லை. கழுவினால் சுத்தம்தானே என்று தலையை ஆட்டிவிடுகிறார். பானெட் திறக்கிறது, ஓடி வந்த சூடு தணியாத இன்ஜின்மேல் ஜெட் பாய்கிறது, குப்பென்று ஆவி கிளம்புகிறது, கடைசியில் ஏதோ ஒரு பளபளப்புத் திரவத்தைத் தெளித்து மூடிவிடுகிறார்கள். பார்க்க ஷோரூம் வண்டி மாதிரி இருக்கும். ஆனால் அந்த ஐந்து நிமிடத்தில் வண்டிக்கு நல்லது என்று அநேகமாக எதுவும் நடப்பதில்லை. இன்ஜின் அறையைச் சுத்தம் செய்வது முதலில் கண்ணால் செய்கிற வேலை, பிறகு துணியாலும் பிரஷ்ஷாலும் செய்கிற வேலை. தண்ணீருக்கு அதில் இடம் மிகக் கொஞ்சம். அப்படிப் பார்த்தால் இதைச் செய்யச் சரியான இடம் சர்வீஸ் நிலையம் அல்ல, வீட்டு வாசல்தான்.

பானெட்டுக்கு அடியில் இரண்டு வகை அழுக்கு உண்டு. ஒன்று, சாலைப் புழுதி. சாம்பல் நிறத்தில் எல்லா இடத்திலும் ஒரே சீராகப் படிந்திருக்கும், ஊதினால் பறக்கும், அதனால் இன்ஜினுக்குப் பெரிய கேடு இல்லை. மற்றொன்று, எண்ணெய்ப் பிசுக்கில் புழுதி ஒட்டிக் கறுத்துப்போன அழுக்கு. இது சும்மா வராது. நல்ல நிலையில் உள்ள இன்ஜின் வெளியே எண்ணெய் சிந்தாது. பிசுக்கு இருக்கிறதென்றால் எங்கோ கசிகிறது. கறுப்பாகவோ பழுப்பாகவோ இருந்தால் இன்ஜின் ஆயில். பெரும்பாலும் மெக்கானிக்குகள் டேப்பெட் கவர் பேக்கிங் என்று சொல்கிற, தலைமேல் உள்ள மூடியின் ரப்பர் விளிம்பிலிருந்து வந்திருக்கும். சிவப்பாக இருந்தால் பவர் ஸ்டீயரிங் அல்லது ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலாக இருக்கலாம். ஹோஸ் நுனியில் பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ காய்ந்து பொரிந்திருப்பது கூலன்ட். எண்ணெய் கீழ்நோக்கி வழியும், ஓடும்போது காற்று அதைப் பின்பக்கம் தள்ளும். ஆகவே ஈரமாக இருக்கும் இடங்களில் மிக உயரமானது எது என்று தேடினால் கசிவின் ஊற்று அங்கே இருக்கும், அல்லது அதற்குக் கொஞ்சம் முன்னால் இருக்கும். இவ்வளவு தகவலையும் ஜெட் இரண்டு நிமிடத்தில் அழித்துவிடுகிறது. பழைய கார் வாங்கிப் பழகியவர்கள், பத்து வருட வண்டியின் இன்ஜின் பளிச்சென்று இருந்தால் சந்தோஷப்படுவதில்லை. எதை மறைக்கக் கழுவினார்கள் என்றுதான் யோசிப்பார்கள். அந்தச் சந்தேகம் நியாயமானது. விற்கிறவர் கழுவினால் அது தந்திரமாக இருக்கலாம். தன் வண்டியைத் தானே வைத்திருக்கப்போகிறவர் கசிவைப் பார்க்காமல் கழுவுவது தன்னையே ஏமாற்றிக்கொள்வது. ஆகவே பானெட்டைத் திறந்ததும் செய்ய வேண்டிய முதல் காரியம், கைபேசியை எடுத்து நான்கு மூலையிலிருந்தும் படம் பிடித்துக்கொள்வது.

அழுக்கு இவ்வளவு தகவல் சொல்லுமானால் அதை அப்படியே விட்டுவிடலாமே என்று கேட்கலாம். பார்த்து முடித்த பிறகு விட்டுவைக்கக் கூடாது. அதற்குக் காரணங்கள் இருக்கின்றன. பழைய பிசுக்கின்மேல் புதுக் கசிவு வந்தால் தெரியவே தெரியாது. பேட்டரியின் தலையில் ஈரமும் அமிலமும் கலந்த அழுக்குப் படிந்தால் அதன் வழியே இரு முனைகளுக்கும் இடையில் சிறிதளவு மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். வோல்ட்மீட்டரின் ஒரு முனையை நெகட்டிவிலும் மறுமுனையைப் பிளாஸ்டிக் மேல்பரப்பிலும் வைத்தால் சில பேட்டரிகளில் அளவே காட்டும். வேப்பமரத்தடியில் நிறுத்தும் வண்டிகளில் வைப்பருக்குக் கீழே உள்ள பள்ளத்தில் சருகு சேர்ந்து வடிகால் துளையை அடைத்துவிடும். அடுத்த மழையில் தண்ணீர் உள்ளே இறங்கிக் கால் மிதியடியை நனைக்கும்போது, அது எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் புரியாது. அதே சருகு எக்ஸாஸ்ட் பக்கம் போய் உட்கார்ந்தால் தீப்பற்றும் பொருள். பிறகு எலி. சூடும் இருட்டும் தேடி வந்து பஞ்சும் நாருமாகக் கூடு கட்டும், ஒயரைக் கடிக்கும். புகையிலையைக் கட்டித் தொங்கவிட்டால் வராது என்று ஒரு கைவைத்தியம் ஊரெங்கும் உண்டு. எலி போகிறதோ இல்லையோ, காய்ந்த இலை ஒரு கட்டு சூடான இன்ஜினுக்குப் பக்கத்தில் தொங்குகிறது. எலிக்கூடு இருந்தால் வெறுங்கையால் தொடக் கூடாது, உலர்ந்தபடியே பெருக்கித் தூசி கிளப்பவும் கூடாது. எலியின் சிறுநீர் கையில் உள்ள கீறல் வழியே எலிக்காய்ச்சலைக் கொண்டுவரும். ரப்பர் கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு, சோப்புத் தண்ணீரால் நனைத்து, துணியால் அள்ளி எடுக்க வேண்டும்.

இனி தண்ணீர். "மழையில் ஓடுகிற வண்டிதானே, தேங்கிய தண்ணீரிலும் போகிற வண்டிதானே, கொஞ்சம் ஜெட் பட்டால் என்ன ஆகிவிடும்?" இதுதான் அதிகம் கேட்கப்படும் வாதம், மேலோட்டமாகப் பார்த்தால் சரியாகவும் தோன்றும். ஆனால் மழை இன்ஜினை மேலிருந்து நனைப்பதில்லை. அதற்குத்தான் பானெட் இருக்கிறது. கீழிருந்து தெறிக்கும் தண்ணீருக்கு அழுத்தம் குறைவு. ஜெட்டின் கதை வேறு. கார் டயரில் நாம் அடிக்கும் காற்றின் அழுத்தம் சுமார் 2.2 பார். வீட்டு உபயோகத்துக்கு விற்கும் பிரஷர் வாஷர்களே 100 பார் அளவில் தண்ணீரைத் தள்ளுகின்றன. அந்த விசைக்கு முன்னால் ஒயர்களை இணைக்கும் கப்ளரின் உள்ளே இருக்கும் மெல்லிய ரப்பர் வளையம், அதுவும் பல வருட வெப்பத்தில் இறுகிப்போன வளையம், நிற்காது. இதில் பலருக்குத் தெரியாத நுணுக்கம் ஒன்று உண்டு. மின்கருவிகள் தண்ணீரை எவ்வளவு தாங்கும் என்பதை ஐ.பி. என்ற உலகத் தர எண் சொல்லும். ஐ.பி. 67 என்றால், ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் கிடந்தாலும் உள்ளே நீர் புகாது என்று பொருள். நீரில் மூழ்கினாலே தாங்குகிறதென்றால் பீய்ச்சினால் தாங்காதா என்று தோன்றும். தாங்கும் என்ற உத்தரவாதம் அந்த எண்ணில் இல்லை. மூழ்கும் சோதனையும் பீய்ச்சும் சோதனையும் தனித்தனி. ஒன்றில் தேறியது மற்றொன்றில் தேறியதாகாது. உயர் அழுத்த ஜெட்டுக்கென்றே 9கே என்று தனிக் குறியீடு வைத்திருக்கிறார்கள்: 80 டிகிரி வெந்நீரை 80 முதல் 100 பார் அழுத்தத்தில், 10 முதல் 15 சென்டிமீட்டர் தூரத்திலிருந்து அடித்துப் பார்ப்பார்கள். காரில் உள்ள ஒவ்வொரு சென்சாரும் ரிலேயும் கப்ளரும் இந்தச் சோதனைக்கு என்று செய்யப்பட்டவை அல்ல. இன்ஜின் அறைக்குள் தண்ணீர் விடாதீர்கள், மின்பாகங்கள் நனைந்தால் தீப்பிடிக்கக்கூடும் என்று டொயோட்டாவின் வாகனக் கையேடுகளில் எச்சரிக்கையே போட்டிருக்கிறது. அந்தப் பக்கத்தை யாரும் படிப்பதில்லை என்பது வேறு விஷயம்.

"எத்தனையோ தடவை அடித்திருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை" என்று சொல்பவர்களும் பொய் சொல்லவில்லை. பல வண்டிகள் தப்பித்துவிடுகின்றன. ஆனால் தப்பாதவற்றில் பழுது அன்றைக்கே தெரிவதில்லை என்பதால்தான் காரணமும் விளைவும் இணைத்துப் பார்க்கப்படுவதில்லை. கப்ளருக்குள் புகுந்த நீர் செம்பு முனைகளில் பச்சையாகக் களிம்பு ஏற்றச் சில வாரங்கள் ஆகும். அதற்குப் பிறகு ஒருநாள் ஏதோ ஒரு சென்சார் தாறுமாறாக அளவு சொல்லும், டேஷ்போர்டில் விளக்கு எரியும், யாரும் அந்த வாட்டர் சர்வீஸை நினைக்க மாட்டார்கள். பெட்ரோல் வண்டிகளில் ஸ்பார்க் பிளக்குகள் ஆழமான குழிகளுக்குள் இருக்கின்றன. குழியில் தேங்கிய நீர் வெளியேற வழி இல்லை. காயிலின் மின்சாரம் பிளக்கின் நுனிக்குப் போகாமல் அந்த ஈரத்தின் வழியே கசிந்து, இன்ஜின் விக்கி விக்கி ஓடும். அப்போது செக் இன்ஜின் விளக்கு கண் சிமிட்டினால் உடனே ஓரமாக நிறுத்த வேண்டும். எரியாத பெட்ரோல் எக்ஸாஸ்ட் வழியே போய்க் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சுட்டுப் பாழாக்குகிறது என்று அதற்குப் பொருள். ஆல்டர்னேட்டரின் கதையும் அதேதான். சூடு தணிய அதன் உடலில் திறந்த இடுக்குகள் வைத்திருக்கிறார்கள். அதன் வழியே அழுக்கு நீர் உள்ளே போய் பேரிங்கையும் கார்பன் பிரஷ்ஷையும் தொடும். இத்தனைக்கும் மேல், பல நூறு டிகிரிச் சூட்டில் இருக்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின்மேல் குளிர்ந்த நீர் பட்டால் அந்த வார்ப்பு விரிசல் விடலாம்.

பெரியவர்கள் ஒருவேளை வேறொன்று சொல்வார்கள். "அம்பாசடர் காலத்தில் மண்ணெண்ணெய் அடித்து, பைப் வைத்துக் கழுவினோம், வண்டி முப்பது வருஷம் ஓடிச்சு." உண்மைதான், ஆனால் அது வேறு இன்ஜின். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வழி வந்த அம்பாசடரின் அந்தப் பழைய பெட்ரோல் இன்ஜினில் பிளாக்கும் வார்ப்பிரும்பு, ஹெட்டும் வார்ப்பிரும்பு. கார்புரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், கைவிரலால் எண்ணிவிடக்கூடிய ஒயர்கள். அதிலும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம் போனால் வண்டி கிளம்பாது. கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி முடுக்குவது அன்றைய டிரைவர்களுக்குப் பழகிய காரியம். 2020 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து விற்கப்படும் பி.எஸ். 6 வண்டியில் அப்படித் துடைத்துக் கிளப்ப வழியில்லை. மண்ணெண்ணெய் விஷயத்தில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இன்றைய கூலன்ட் ஹோஸ்கள் பெரும்பாலும் ஈ.பி.டி.எம். என்ற ரப்பரால் ஆனவை. வெந்நீர், கூலன்டில் உள்ள கிளைகால், வெயில் எல்லாவற்றையும் வருடக்கணக்கில் தாங்கும் அந்த ரப்பர், பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊறி உப்பும், இளகும். மண்ணெண்ணெயும் டீசலும் அந்த வகைதான். பிசுக்கைக் கரைக்க ஊற்றியது ஹோஸையும் சேர்த்துக் கரைக்கத் தொடங்குகிறது.

தீ பற்றியும் ஒரு தவறான தைரியம் நம்மிடம் இருக்கிறது: பெட்ரோல்தான் ஆபத்து, மண்ணெண்ணெய் சாது என்று. பொறி பட்டால் முதலில் பற்றுவது பெட்ரோல்தான், சந்தேகமில்லை. சாதாரண நாளிலேயே அதன் ஆவி பற்றத் தயாராக இருக்கும். மண்ணெண்ணெயின் ஆவி பற்ற 40 டிகிரிக்குக் கொஞ்சம் குறைவான சூடு வேண்டும். சித்திரை வெயிலில் நிற்கும் வண்டியின் பானெட்டுக்கு அடியில் அந்தச் சூடு தாராளமாகக் கிடைக்கும். இன்னும் விசித்திரம், பொறியே இல்லாமல் வெறும் சூட்டில் தானாகப் பற்றிக்கொள்ளும் அளவு மண்ணெண்ணெய்க்குச் சுமார் 210 டிகிரி, பெட்ரோலுக்கு அதைவிட அதிகம். சோதனைச் சாலையில் எடுத்த கணக்கு அது. திறந்த வெளியில் இன்னும் கூடுதல் சூடு வேண்டியிருக்கும். ஆனால் இப்போதுதான் ஓடி நின்ற வண்டியின் எக்ஸாஸ்ட் அந்தக் கூடுதலையும் எட்டக்கூடியது. மண்ணெண்ணெயோ டீசலோ பெட்ரோலோ, இந்த வேலைக்கு எதுவும் வேண்டாம். பானெட்டைத் திறந்ததும் பெட்ரோல் வாடை அடித்தால் சுத்தம் செய்யும் எண்ணத்தையே விட்டுவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டியதுதான்.

பிறகு எதை வைத்துத் துடைப்பது? தண்ணீரில் கலக்கும் வகை டிகிரீசர் கார் உதிரிபாகக் கடைகளில் கிடைக்கிறது; வாங்கும்போது அலுமினியத்துக்கும் ரப்பருக்கும் பாதுகாப்பானது என்று அட்டையில் போட்டிருக்கிறதா என்று பார்த்தால் போதும். லேசான பிசுக்குக்குப் பாத்திரம் துலக்கும் திரவ சோப்பை வெதுவெதுப்பான நீரில் கலந்தாலே வேலை நடக்கும். இரண்டும் ஒரே வழியில்தான் வேலை செய்கின்றன: சோப்பு மூலக்கூறின் ஒரு முனை எண்ணெயைப் பிடிக்கும், மறுமுனை தண்ணீரைப் பிடிக்கும், பிசுக்கு உடைந்து துணியோடு வந்துவிடும். இதற்குச் சில நிமிட அவகாசம் வேண்டும். காயவும் விடக் கூடாது. இந்த வேலையை வெயிலில் செய்யக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான். சீக்கிரம் ஆகட்டும் என்று காஸ்டிக் சோடா கலந்த கடுமையான திரவத்தையோ கழிப்பறை கழுவும் அமிலத்தையோ எடுத்தால் தீர்ந்தது. இன்றைய இன்ஜின்களில் ஹெட்டாவது அநேகமாக அலுமினியமாக இருக்கும், காரமும் அமிலமும் இரண்டுமே அலுமினியத்தை அரிக்கும். ஒரே ஒரு இடத்தில் மட்டும் அடுப்பங்கரைச் சரக்கு நேரடியாகப் பயன்படும். பேட்டரி முனையில் வெள்ளையும் நீலப்பச்சையுமாகப் பூத்திருக்கும் பொடிக்கு ஆப்பசோடா கரைத்த தண்ணீர்தான் மருந்து. அமிலம் முறியும்வரை நுரைக்கும், நுரை நின்றதும் ஈரத்துணியால் ஒற்றி எடுத்துவிடலாம். சோடா நீர் பேட்டரி மூடித் துளைக்குள் மட்டும் இறங்கக் கூடாது.

வேலையை விடியற்காலையில், வண்டி இரவு முழுக்க நின்ற பிறகு தொடங்குவது உத்தமம். பிசுக்கு இளக வேண்டுமென்றால் ஓரிரு நிமிடம் ஓட்டி நிறுத்தலாம். கை வைத்தால் சுகமாகப் பொறுக்கும் சூடு, அதற்கு மேல் வேண்டாம். சாவியைக் கையோடு எடுத்துவிட வேண்டும், ஏனெனில் பல வண்டிகளில் ரேடியேட்டர் விசிறி இன்ஜின் நின்ற பிறகும் தானாகச் சுற்றும். பேட்டரியில் நெகட்டிவ் முனையை முதலில் கழற்ற வேண்டும், கடைசியில் மாட்ட வேண்டும். இது சடங்கு இல்லை. வண்டியின் உடல் முழுதும் நெகட்டிவ். நெகட்டிவ் மாட்டியிருக்கும்போது பாசிட்டிவ் நட்டைத் திருகும் ஸ்பேனர் பக்கத்து இரும்பில் பட்டால் ஷார்ட் ஆகி ஸ்பேனரே பழுத்துவிடும். கடிகாரமும் ரேடியோ நிலையங்களும் அழிந்துபோகும், பரவாயில்லை. பிறகு பாலித்தீன் பையும் ரப்பர் பேண்டும்: ஆல்டர்னேட்டர், ஃப்யூஸ் பெட்டி, ஏர் ஃபில்டருக்குக் காற்று போகும் வாய், காயில்கள், கண்ணில் படும் கப்ளர்கள். ஆயில் மூடி, கூலன்ட் மூடி, பிரேக் ஆயில் மூடி, டிப் ஸ்டிக் எல்லாம் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு சிறிய விஷயம்: இரண்டங்குல பெயிண்ட் பிரஷ் இதற்கு அருமையான கருவி, ஆனால் மயிரைப் பிடித்திருக்கும் தகரப் பட்டையைச் சுற்றி இன்சுலேஷன் டேப் ஒட்டிவிட வேண்டும். ஒட்டாவிட்டால் அது பெயிண்டைக் கீறும். பேட்டரியைக் கழற்றாமல் விட்டவருக்கு முனையில் பட்டுப் பொறியும் பறக்கும். திரவத்தை இன்ஜின்மேல் தெளிக்காமல் பிரஷ்ஷின்மேல் தெளித்துக்கொள்வது இன்னும் நல்லது, போக வேண்டிய இடத்துக்கு மட்டும் போகும். முதலில் உலர்ந்த பிரஷ்ஷால் புழுதி, பிறகு மேலிருந்து கீழாகப் பிசுக்கு, இடுக்குக்குப் பழைய பல் துலக்கும் பிரஷ். ஃபேன் பெல்ட்டின்மேல் எதுவும் வேண்டாம். கழுவ வேண்டிய நீரும் ஜக்கில் அல்ல, பூச்செடிக்குத் தெளிக்கும் ஸ்ப்ரே பாட்டிலில்; ஒரு கை தெளிக்க, மறு கையில் உள்ள துணி உடனே வாங்கிக்கொள்ள வேண்டும்.

மூடிய பைகளை எண்ணி எடுத்துவிட்டு, பானெட்டைத் திறந்தபடியே ஒரு மணி நேரம் காற்றாட விட்டு, பேட்டரியை மாட்டிப் பத்து நிமிடம் ஓட்டினால் மிச்ச ஈரமும் இன்ஜின் சூட்டில் போய்விடும். பளபளப்புக்கு எண்ணெய்த் தெளிப்பு வேண்டியதில்லை. அடுத்த வாரப் புழுதிக்கு அது பசை. பெல்ட்டில் பட்டால் கீச்சிடும். முக்கியமாக, எண்ணெய் பூசிய இடத்தில் புதுக் கசிவு தெரியாது. ஹைபிரிட், மின்சார வண்டிகளில் ஆரஞ்சு நிற ஒயர்களைப் பார்த்தால் உலர்ந்த துணியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அதில் ஓடுவது உயிர் வாங்கும் மின்னழுத்தம். துணி முறைக்கு இன்னொரு லாபமும் உண்டு. ஜெட் அடித்த எண்ணெய் நீர் தெரு வடிகாலில் இறங்குகிறது. சென்னையில் மழைநீர் வடிகால் அடையாற்றுக்கும் கூவத்துக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும்தான் போய்ச் சேர்கிறது, நடுவில் அதைச் சுத்திகரிக்க யாரும் இல்லை. கழிவு எண்ணெயைத் தீங்கான கழிவு என்றே மத்திய அரசின் 2016 விதிகள் வகைப்படுத்துகின்றன. துணியில் ஏறிய எண்ணெய் துணியிலேயே இருக்கும். கூலன்ட் சிந்தியிருந்தால் அதையும் துணியால் ஒற்றி எடுத்துவிட வேண்டும், இனிப்பாக இருப்பதால் தெருநாய் நக்கும், நக்கினால் பிழைப்பது கடினம்.

இரண்டு வாரம் கழித்து மறுபடி பானெட்டைத் திறந்து, முன்பு எடுத்த அதே நான்கு மூலையிலிருந்து படம் எடுத்துப் பழையதோடு வைத்துப் பார்க்கலாம். வெறும் புழுதி மட்டும் படிந்திருந்தால் அடுத்த ஆறு மாதத்துக்கு அந்தப் பக்கம் போக வேண்டாம். டேப்பெட் கவர் விளிம்பிலோ ஹோஸ் கிளிப்பிலோ ஈரக் கோடு ஒன்று புதிதாகத் தெரிந்தால், இரவில் வண்டிக்கு அடியில் ஒரு வெள்ளை அட்டையைப் போட்டுவைத்து, விழும் சொட்டின் நிறத்தையும் பார்த்துக்கொண்டு மெக்கானிக்கிடம் போகலாம். "எங்கேயோ ஆயில் போகுது" என்று சொல்லிவிட்டு வண்டியை விட்டால் அவர் தேடுகிற நேரத்துக்கும் கூலி சேரும். இடத்தைக் காட்டினால் பேக்கிங் விலையோடும் அதை மாற்றுகிற கூலியோடும் முடியும்.